ரெண்டு பொட்டு வெல்டிங்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தோள் மூட்டு விலகியது, மறுபடி சேர்த்துவிட்டார்கள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வெல்டர், வேலையிடத்து இரும்பு ஏணியின் படிகளுக்கு முழுக்க வெல்டிங் ஓட்டாமல், ரெண்டு ரெண்டு பொட்டு வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டான். நான் ஏறியதும் படி பிய்ந்தது. ஒற்றைக் கையில் தொங்கினேன், தோள் கழன்றது.

என்னைக் கீழே இறக்கியதும் அவன் ஓடி வந்தான். "பொட்டு வெச்சா போதும்னு நெனச்சேன்டா."

"ஏணிக்கா, பொண்ணுக்காடா?" என்று இடது கையால் ஒன்று விட்டேன். அவன் தாடை கழன்று வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அப்போதும் என் கை நிற்கவில்லை. மூன்று பேர் இழுத்துப் பிடித்தார்கள். சட்டையெல்லாம் அவன் ரத்தம்.

இப்போது அவனுக்குக் கஞ்சி ஊட்டுவது நான்தான்.

பொத்தான் வைத்த சட்டை ரெண்டு அனுப்பு, தலைவழியாக மாட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை முதல் எல்லாவற்றையும் நீளமாக எழுது. இங்கே என்னோடு தமிழ் பேச அவன் ஒருவன்தான் இருந்தான். ஒரு மாதம் அவன் பேச வாயைத் திறக்கக் கூடாதாம்.

கஞ்சி ஆறுகிறது.

உன் மகன்