சகனில் மூன்றாவது குழி

பேகம்பூர், திண்டுக்கல்

அன்பு மகனுக்கு ஸலாம்.

துபாயில் உன் போன் அணைந்தே கிடப்பதால் எழுதுகிறேன்.

அத்தாவை அடக்கம் செய்த பிறகும் சகனில்தான் சாப்பிடுகிறேன். ஒரே பெரிய தட்டில் அவரவர் முன்னாலிருப்பதை மட்டும் அள்ளுவதுதானே நம் வழக்கம்? அத்தா பக்கத்துச் சோறு தினமும் தானாகவே குழிகிறது. அவர் ஒதுக்கும் ஏலக்காய் ஓரத்தில் கிடக்கிறது. எனக்குப் பயமில்லை. அவர்தானே!

நர்கீஸ் மாமி கேட்டாள்: “ஒத்த ஆளுக்கு எதுக்கு மைனி இம்புட்டுச் சோறு?” சிரித்து வைத்தேன்.

இன்று மதியம் கதவோரம், நீ உட்காரும் பக்கமும் குழிந்தது. நீ செய்வது போலவே, புதினா இலைகள் விளிம்பில் வரிசையாக ஒட்டியிருந்தன.

அப்பு, அங்கே சாப்பிட்டாயா? சாப்பிட்டேன் என்று மட்டும் எழுது.

இன்னும் கை கழுவாமல் உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா