குமுதவல்லியின் வருகைச் சான்று

அனுப்புநர்
வி. தபீதாள் (வயது 37),
க/பெ. வில்பிரட்,
இரும்புலியூர், தாம்பரம்,
சென்னை – 600 045.

பெறுநர்
மாவட்ட ஊனமுற்றோர் மறுவாழ்வு அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: அஸ்தினாபுரம் தளிர்நடை சிறப்புப் பள்ளி – அரசு உதவித்தொகை மொத்தக் காசோலையாகப் பெறப்பட்டது – பள்ளியில் இல்லாத ஏழு குழந்தைகளுக்கு வருகைச் சான்று அளிக்கப்பட்டது – சான்றில் கையொப்பமிட்ட முன்னாள் கணக்கரின் மனு.

பார்வை: மேற்படி பள்ளிக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பயனாளிகள் பட்டியல், நாள் 12.2.1998.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் 1987 ஆகஸ்டு முதல் இம்மாதம் 4ஆம் தேதி வரை மேற்படி பள்ளியில் கணக்கராக வேலை பார்த்தேன். இம்மனு பள்ளியின் செயலர் திரு. எலியேசர் தேவானந்தம் அவர்கள் மீதானது. என் மீதானதும்கூட. இரண்டையும் ஒன்றாகவே விசாரிக்கும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. செயலர் அவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். 1991இல் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டபோது நாங்கள் வாய் திறந்து கேட்கும் முன்பே நான்கு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்தவர் அவர். என் மகளின் பள்ளிக் கட்டணத்தை இரண்டு முறை கட்டியவரும் அவர். இவற்றை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது முறையாகாது. அந்த நன்றியினால்தான் அவர் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும்.

3. உதவித்தொகை வரும் விதம் தாங்கள் அறிந்ததே. குழந்தை ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு 450 ரூபாய். எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே காசோலை. சில சமயம் இரண்டு தவணை ஒன்றாக வரும். காசோலையும் அதனுடன் வரும் கடிதமும் என் மேசைக்கு வரும். கடிதத்தில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும். பெயர்ப் பட்டியல் செயலரின் அலமாரியில் இருக்கும். பேரேட்டில் நான் ஒரே வரியாக "அரசு உதவித்தொகை" என்று எழுதி மொத்தத்தைப் போட்டுவிடுவேன். பத்து ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

4. கடந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு நன்கொடையாளர் பள்ளிக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுத்தார். அதில் கணக்கு எழுதும் மென்பொருளைக் குரோம்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் என் சொந்தச் செலவில் மூன்று மாதம் கற்றேன். அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கணக்கு திறந்தேன். மொத்தமாக வரும் பணத்தைக் குழந்தைவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்தது போக மீதி இருந்தால், அது தீரும் வரை திரையின் கீழே நின்றுகொண்டே இருக்கும்.

5. அக்டோபரில் இரண்டு தவணைக்கும் சேர்த்து ரூ.54,900 வந்தது. பள்ளியில் இருந்தவர்கள் 54 குழந்தைகள். ஆளுக்கு 900 வீதம் ரூ.48,600 பிரித்தேன். ரூ.6,300 மீதி நின்றது. என் தவறாகத்தான் இருக்கும் என்று மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். புது இயந்திரம், எனக்குத்தான் தெரியவில்லை என்று வெட்கப்பட்டேன். நான்காம் நாள் செயலரிடம் போனேன். போன ஆண்டு நிலுவை சேர்ந்து வந்திருக்கிறது, அந்தத் தலைப்பில் போட்டுவிடு என்றார். போட்டுவிட்டேன். மனம் லேசானது.

6. ஜனவரியில் அடுத்த தவணையாக ரூ.27,450 வந்தது. பிரித்தேன். ரூ.3,150 மீதி. சரியாக ஏழு குழந்தைகளின் பணம். முன்பு நின்ற 6,300ம் அதே ஏழு பேரின் இரண்டு தவணைதான். நிலுவை என்றால் ஒருமுறை வந்து முடிந்திருக்க வேண்டும். எனவே பள்ளியின் தலைப்புத் தாளில், "செயலருக்காக" என்று கையெழுத்திட்டு, பெயர்ப் பட்டியலின் நகல் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். அவரைக் கேட்காமல் செய்தது தவறு. ஆனால் அவரைக் கேட்டால் பட்டியல் கிடைக்காது என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பற்றி அப்படி நினைத்த முதல் நாள் அது.

7. பட்டியலில் 61 பெயர்கள் இருந்தன. அதிகப்படியான ஏழில் இரண்டு பேர் இறந்துபோன குழந்தைகள். அதில் ஒரு குழந்தையின் அடக்கத்துக்கு நானும் செயலரும் ஒரே ஆட்டோவில் போய் வந்தோம். நான்கு பேரின் குடும்பங்கள் ஊர் மாறிப் போய்விட்டன. ஏழாவது பெயர் பின்வருமாறு: குமுதவல்லி, த/பெ. பொன்னுரங்கம் (காலமானார்), அனகாபுத்தூர். அனுமதிக்கப்பட்ட மாதம்: அக்டோபர் 1995.

8. இந்தக் குழந்தையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

குமுதவல்லிக்குப் பிறந்ததிலிருந்தே கை கால்கள் விறைப்பு. பேச்சு இல்லை, ஆனால் சொல்வதெல்லாம் புரியும், சிரிக்கும். தாயார் தையல்நாயகி பம்மலில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். 1995 ஜூனில், குழந்தைக்கு ஆறு வயதானபோது, முதன்முறையாகப் பள்ளிக்குத் தூக்கி வந்தார். விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, அரசிலிருந்து குழந்தையின் பெயருக்கு உதவித்தொகை அனுமதி வந்ததும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு எனக்குத் தெரிந்து எட்டு முறை வந்தார். அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து குரோம்பேட்டைக்கு இன்னொன்று, பிறகு நடை. எட்டு முறையும் குழந்தை இடுப்பில். பார்த்தால் மனமிரங்கிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தூக்கி வந்ததாகப் பின்னால் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் அவரை என் ஜன்னலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்ச் செயலரைக் கேட்பேன். இன்னும் வரவில்லை என்பார். நான் திரும்பி வந்து, "உங்க பொண்ணு பேருக்குப் பணம் வரலைம்மா" என்பேன். கடைசியாகச் சொன்னது போன ஆகஸ்டில். அப்போது அந்தக் குழந்தையின் பெயரில் ஆறு தவணை வந்து முடிந்திருந்தது.

9. ஒவ்வொரு தவணைக்கும், இன்னின்ன குழந்தைகள் பள்ளிக்கு வந்தனர் என்று ஒரு சான்று தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது. அதில் இரண்டு கையொப்பங்கள்: செயலர், கணக்கர். 1990 முதல் எழுதப்படாத படிவங்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்து வந்தேன். பெயர்களைப் பிறகு நிரப்பிக்கொள்வதாகச் செயலர் சொன்னார். ஆக, குமுதவல்லி ஒன்பது தவணைக் காலம் நாள் தவறாமல் பள்ளிக்கு வந்ததாக நான் சான்றளித்திருக்கிறேன். அவள் வருகிறாள் என்று சான்றில் கையெழுத்திட்டதும், பணம் வரவில்லை என்று ஜன்னலில் சொன்னதும் ஒரே ஆள்தான்.

10. பிப்ரவரி 23ஆம் தேதி பட்டியலைச் செயலர் முன் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். அரசுப் பணம் ஆறு மாதம் தாமதமாக வரும்போது கட்டட வாடகையும் ஆயாக்கள் சம்பளமும் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய் என்று கேட்டார். அந்தப் பணத்தை அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. "வண்டிச் செலவு" என்று ரொக்கமாக எடுத்ததற்குச் சீட்டுகள் இருக்கின்றன, பில்கள் இல்லை. அவ்வளவுதான் அறிவேன்.

இறந்த குழந்தைகள் இருக்கட்டும், குமுதவல்லி இருக்கிறாளே, அனுமதியும் வந்துவிட்டதே, அவளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்தப் பிள்ளையத் தூக்கி இறக்க, ஊட்டிவிட தனியா ஒரு ஆயா போடணும் தபீதாள். வந்தா செலவு. வராம இருந்தா வரவு."

அதிகாரிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றேன். அதற்கு அவர் ஜெபம் பண்ணிவிட்டு முடிவெடு என்றார். நான் எழுந்தபோது, "கையெழுத்து உன்னுது, அத மறந்துடாத" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என் மகளிடம் பேசும் அதே குரல்.

11. பிப்ரவரி 27ஆம் தேதி நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் வந்து கணிப்பொறியைத் திறந்தபோது, நிலுவைத் தலைப்பில் போட்டதும் மீதியாக நின்றதும் சேர்த்து ரூ.9,450, என் சம்பள முன்பணக் கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தது. நானே என் பெயரில் நுழைந்து மாற்றியதாக அதில் பதிவாகியிருந்தது. கணிப்பொறியைத் திறக்கும் ரகசியச் சொல்லை அது வந்த முதல் வாரமே ஓர் உறையில் எழுதி ஒட்டிச் செயலரிடம் கொடுத்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைகளின் கணக்கு முடங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது. அது என் மகளின் செல்லப் பெயர்.

25ஆம் தேதியே அந்தக் கணக்கை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அதில் தொகை மாறாமல் இருக்கிறது. இணைத்துள்ளேன். மார்ச் 4ஆம் தேதி, கையாடல் செய்ததாகவும் செயலர் பெயரில் பொய்க் கடிதம் அனுப்பியதாகவும் கூறி என்னைப் பணி நீக்கம் செய்தனர். அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் வரிசையில் நானும் கணவரும் மகளும் மட்டுமே உட்கார்ந்திருந்தோம்.

12. அன்று மதியமே அனகாபுத்தூர் போனேன். ஆற்றோரச் சந்தில் ஓர் அறை வீடு. குமுதவல்லி பாயில் படுத்திருந்தாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். தாயாரிடம் நடந்தது அனைத்தையும் சொன்னேன். மகள் பெயரில் வந்த ரூ.4,050ஐ எப்படியாவது வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவர் குழந்தையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"பணம் இன்னாத்துக்கு? அப்போ இந்தக் கால நீட்டினா நீளும். இப்போ நீளல, பாரு. வரலன்னு சொன்னது நீதான. மூஞ்சப் பாத்து சொன்ன, நானும் நம்பிகினு பூட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் இம்மனுவை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

13. இதற்கிடையில், நான் மனு கொடுத்தால் பள்ளிக்கு நிதி நின்றுவிடும், பள்ளியே மூடப்படும் என்று பெற்றோர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் எட்டுப் பேர் என் வீட்டுக்கு வந்தனர். கேசவன் என்பவர் தன் மகனையும் தோளில் சுமந்து வந்திருந்தார். எந்தச் சண்டையும் போடவில்லை. "நீங்க நல்லவங்கதான் அக்கா. பள்ளிக்கூடத்த மூடிட்டா இவன நான் எங்க கொண்டு போவேன்?" என்று கேட்டார். அதற்கான பதில் தங்களிடம் இருக்கிறது என்று நம்பியே எழுதுகிறேன்.

14. ஆகவே கோருவது:

பள்ளிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் வந்து, குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைத்துத் தலை எண்ணிப் பார்க்க வேண்டும். கணிப்பொறியில் பிப்ரவரி 27ஆம் தேதி யார் என்ன மாற்றினார்கள் என்பதை விவரம் அறிந்தவரைக் கொண்டு ஆராய வேண்டும். அன்று நான் எங்கிருந்தேன் என்பதற்கு ஆதாரம் தருகிறேன்.

விசாரணை முடியும் வரை, பள்ளிக்கு உண்மையில் வரும் 54 குழந்தைகளின் உதவித்தொகையை ஒரு தவணைகூட நிறுத்தக் கூடாது. அதைப் பெற்றுச் செலவிட வேறொருவரைத் தாங்கள் நியமிக்கலாம்.

கையெழுத்திட்டதற்காக எனக்கு என்ன தண்டனையோ அதைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, குமுதவல்லியை உடனே பள்ளியில் சேர்க்கவும், அவளைக் கவனிக்க ஓர் ஆயாவை அமர்த்தவும், பள்ளி வேனை அனகாபுத்தூர் வரை அனுப்பவும் உத்தரவிட வேண்டும். அவள் இடம் இரண்டரை ஆண்டுகளாக அங்கே காலியாக இருக்கிறது. அதற்குப் பணமும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

15. இம்மனுவை நேற்று தையல்நாயகி அவர்களுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். எழுதியிருப்பது உண்மைதான் என்றார். சாட்சியாகக் கைநாட்டு வைக்கும்படி கேட்டு மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன் பேச்சத்தான நம்பினேன். வேன் வந்து என் பொண்ண ஏத்திகினு போவட்டும். அப்பறமா வெக்கறேன்" என்றார். ஆதலால் சாட்சியின் ஒப்பம் இல்லாமலே இதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இடம்: இரும்புலியூர்
நாள்: 30.3.1998

தங்கள் விசாரணைக்கு எந்நாளும் வரக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வி. தபீதாள்

இணைப்பு:
1. பயனாளிகள் பட்டியல் நகல்
2. 25.2.1998இல் எடுத்த கணக்கு அச்சுப்படி
3. பணி நீக்க ஆணை நகல்
4. நான் கையெழுத்திட்டு, இன்னும் பெயர் நிரப்பப்படாத வருகைச் சான்றுப் படிவங்கள் – மூன்று