தழும்பு இல்லாத படம்

முரல் கடலடி நிலையம். பணிக் குறிப்பு.
எழுதுவது: அருள் ஜெசிந்தா, கடல் உயிரியல்.

ஆகஸ்ட் 11, காலை 8.00

ஆழம் நூற்றைம்பது மீட்டர். உள்ளழுத்தம் சரி. காற்று சரி. ஜன்னல் மூன்றும் சரி. பவள மாதிரிகளில் ஒன்று செத்துவிட்டது, மற்றவை பிழைத்துக்கொள்ளும். கூட இருந்தவர் பல்வலி என்று போன வாரம் மேலே போனவர், இன்னும் திரும்பவில்லை. தனியாகத்தான் இருக்கிறேன்.

நேற்று இறங்கிய சாமான் பெட்டியில் புது கேமரா வந்திருக்கிறது. பழையது செங்கல் கனம், மாட்டிக்கொண்டு நடந்தால் கழுத்து வலிக்கும். இது சோப்புக் கட்டி அளவுதான். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. இருநூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாதாம். தினமும் ஜன்னல்களைப் படம் எடுத்துக் கரைக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. இனி இதில்தான் எடுக்க வேண்டும். முதல் அனுபவத்தை எழுதி அனுப்பச் சொல்லி உத்தரவு வேறு.

எழுதுகிறேன். பட்டனைத் தொட்டதும் விழித்துக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே, அந்த இருட்டிலும், மீனின் செதில் தனித்தனியாகப் படத்தில் விழுகிறது. அதுவரை சந்தோஷம். பட்டன்கள்தான் என் விரலுக்குச் சின்னவை, ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்குகிறது. பிறகு மேசையில் உட்கார்ந்து என் முகத்தை எடுத்துப் பார்த்தேன். யாரோ கல்யாணப் பெண். நிறம் இரண்டு படி ஏறியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போன இடம் தெரியவில்லை. கண் சிமிட்டிய படத்திலும் கண் திறந்திருந்தது. கெட்டுப்போன இடத்தில் முந்தைய நல்ல படத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுமாம். ‘மோசமான படம் என்று இனி ஒன்றுமில்லை’ என அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். இந்த அலங்காரத்தை அணைக்க வழி தேடினேன். அணைக்க முடியவில்லை, பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். என் கறுப்பு கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதி, அந்தப் படத்தோடு கரைக்கு அனுப்பினேன்.

கரையில் பணியிலிருந்த கஸ்பார் அண்ணனின் பதில்: “ஏ பிள்ள, யாரு இது? மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புற படத்த எங்களுக்கு அனுப்பிட்டியா?”

ஆகஸ்ட் 12, காலை 9.20

கிழக்கு ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு கோடு. தலைமுடி கனம். துடைத்தேன், போகவில்லை. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினேன்.

கஸ்பார் அண்ணன்: “நல்லாப் பாத்துட்டேன். கண்ணாடி பளிங்கு கணக்கா இருக்கு. நீ ஒழுங்கா தூங்குனியா இல்லியா?”

தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, மதியம் 1.45

கோடு ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் நானே பார்த்தேன். ஜன்னலில் இருக்கும் கோடு படத்தில் இல்லை. பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதுவும் இல்லை. இதற்குக் கோடு என்றாலே முகச் சுருக்கம்தான் போலிருக்கிறது. கண்ணாடியையும் முகமாக நினைத்து நீவி விட்டிருக்கிறது.

கரைக்குச் சொன்னேன். பொறுப்பதிகாரி வேலாயுதப்பெருமாள் சாரே பேசினார்: “அம்மா, அழுத்தமானி சரியாக் காட்டுது, படம் சுத்தமா இருக்கு. எத வச்சு நான் படக அனுப்ப? ஒரு படம், ஒரே ஒரு படம் காட்டுங்க.”

இங்கே அதுதான் சட்டம். படத்தில் இல்லையென்றால் பழுது இல்லை. பழைய கேமராவை, புதுசு வந்த பெட்டியிலேயே மேலே அனுப்பிவிட்டேன், ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் போட்டு.

கண்டெடுத்துப் படிப்பவருக்காக: நானாக நீந்தி மேலே போக முடியாது. படகு வந்து, அதிலிருந்து கூண்டு இறங்கி, ஏறும் அறையின் கூரையில் பொருந்த வேண்டும். படகு வந்து சேர ஆறேழு மணி நேரம். கண்ணாடி அதுவரை தாங்குமா தெரியாது. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

ஆகஸ்ட் 12, மாலை 4.10

உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். சாப்பிட எடுத்ததை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

முகம் கழுவப் போனபோதுதான் உறைத்தது. குளியலறைக் கண்ணாடியில் என் இடது புருவம். அதைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. பயிற்சிக் காலத்தில் கஸ்பார் அண்ணன் திருப்பிய துடுப்பு பட்டு நாலு தையல். என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான், எனக்கும் சேர்த்து அழுதவரும் அவர்தான். ஓடிப்போய் நேற்றைய படத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, நேத்து அனுப்புன என் படத்த எடுங்க. புருவத்துல நீங்க போட்ட தழும்பக் காட்டுங்க பாப்போம்.”

இரைச்சல். பிறகு அவர் குரல்: “இல்ல பிள்ள.” மறுபடி இரைச்சல். “எம்மாடி, தழும்பையே காணோமே. இரு, நான் படக எடுக்கேன். சார்ட்ட பொறவு சொல்லிக்கிடலாம்.”

அழுதுவிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, மாலை 6.05

முதலில் சொட்டு. அடுத்து ஊசி மாதிரிப் பீறிட்டது. கன்னத்தில் பட்ட இடம் இன்னும் எரிகிறது. கேமராவை அதன் தாங்கியில், கூரையோரம், ஜன்னலும் மேசையும் தெரியும்படி மாட்டி, தானாகவே எடுத்து அனுப்பும்படி விட்டேன். கோட்டைத் துடைக்கும், சரி. தண்ணீரையுமா துடைக்கும்? சார் கேட்ட ஒரே ஒரு படம் போய்ச் சேரட்டும்.

கரையைக் கூப்பிட்டேன், இரைச்சல்தான். ஏறும் அறைக்குள் வந்து கதவை இறுக்கிவிட்டேன்.

மாலை 6.50

பேசும் கருவியும் அழுத்தமானியும் பெரிய அறையில் தரையோரம் இருந்தன. மூழ்கிச் செத்துவிட்டன. கேமரா கூரையோரம் இருப்பதால் உயிரோடு இருக்கிறது. எந்தப் புண்ணியவான் வடிவமைத்தானோ. இங்கே ஒரு ஒலிபெருக்கியும் சின்னத் திரையும் மட்டும் உண்டு. கரையும் படகும் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும், நான் பேசுவது யாருக்கும் கேட்காது.

கதவிலுள்ள வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசை மூழ்கிவிட்டது. என் நாற்காலி மிதக்கிறது.

திரையில் பார்த்தேன், கேமரா கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் படத்தை. அறை காய்ந்து கிடக்கிறது. ஜன்னல் முழுசாக இருக்கிறது. மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறேன்.

நேற்றைய என்னை எடுத்து ஒட்டியிருக்கிறது.

மாலை 7.15

கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

சார்: “கஸ்பார், கேக்குதாவே? யாரக் கேட்டுப் படக எடுத்தீரு? அந்தம்மா மேசைல உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்கு, படம் இப்பத்தான் வந்துது. லைன் மட்டுந்தான் கெட்டிருக்கு. காத்து வேற தூக்குது. திரும்பி வாரும்.”

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒலிபெருக்கியிடம் கத்தி என்ன ஆகப்போகிறது.

கஸ்பார் அண்ணன்: “சார், அந்தப் படத்துல இடது புருவத்தப் பாத்துச் சொல்லுங்க. தழும்பு இருக்கா?”

சார்: “தழும்பா? ஒண்ணும் இல்லய்யா. முகம் துடைச்சு வச்ச குத்துவிளக்கு மாதிரி இருக்கு.”

கஸ்பார் அண்ணன்: “அப்ப அது ஜெசிந்தா இல்ல சார்.”

அதற்குப் பிறகு இரைச்சல்தான். படகு திரும்பிவிட்டதா, வந்துகொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

நேரம் பார்க்கவில்லை

கதவின் அடியில் கசிகிறது. கணுக்கால் வரை. குளிர்.

திரையில் படம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சிரிக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை, சட்டையைக் கழற்றித் திரையை மூடினேன்.

முழங்கால்.

மேலே ஏதோ மோதுகிறது. கூண்டா, கூரை நெளிகிறதா, தெரியவில்லை. திரும்பவும்

திறப்பவர் யாராக இருந்தாலும், கையில் எந்தப் படம் வைத்திருந்தாலும், அதைப் பார்க்க வேண்டாம். விளக்கை என் முகத்துக்கு நேராக அடியுங்கள். இடது புருவம். தழும்பு இருந்தால் அது நான்தான்