குரல்: வேறொருவர்

11 ஜூன் 1989, ஞாயிறு

என் அருமைத் தம்பிக்கு,

இன்று காலைக் காட்சிக்குப் போனவர்கள்: நான், உன் அத்தான், என் மகள் வாயாடி, மாடி வீட்டுத் தெலுங்கு அம்மாள், அவருடைய இரண்டு பிள்ளைகள், அப்பா (தூங்கியபடி). ஆக ஏழு பேர். ஞாயிறு காலை மட்டும் தெலுங்குப் படம் போடுகிற தியேட்டர் அல்லவா, பாதி நாற்காலி காலி. நம் வரிசை மட்டும் திருமண வீடு போல இருந்தது.

அடியாட்களில் ஒருவனாக, சிவப்பு பனியனில் வருவேன் என்று எழுதியிருந்தாய். சிவப்பு பனியனைக் கண்டதும் வாயாடி "மாமா!" என்று கத்தினாள். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினோம். முகத்தில் கட்டியிருந்த துணி அவிழ்ந்ததும் பார்த்தால், யாரோ மீசைக்காரர்! உன் அத்தான் என் காதில், "ஒட்டடைக்குச்சி எப்படி இவ்வளவு குண்டானான்னு நானும் அப்பவே யோசிச்சேன்" என்கிறார். அதற்குள் இன்னொரு சிவப்பு பனியன் ஜன்னல் வழியாகப் பறந்தது. அந்தக் குச்சிக் கால் உன்னுடையதுதான். எனக்குத் தெரியாதா?

இடைவேளையில் அப்பா கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டுப் போயிட்டான்பா. ஜன்னல் வழியா."

"வாசல் வழியா வரச் சொல்லு. கடையில ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு."

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் பக்கத்தில் உனக்கென்று போட்ட நாற்காலியைத்தான் சொல்கிறார். கோபமில்லை, ஆசை.

உனக்காகப் புது நோட்டு தொடங்கியிருக்கிறேன். தேதி, படம், வேடம், எத்தனை விநாடி, வசனம், குரல் என்று கட்டம் போட்டாயிற்று. அத்தானின் கடிகார முள் இருட்டில் பச்சையாக ஒளிருவது வசதி. இன்றைய கணக்கு பதினொரு விநாடி. கடைசி இரண்டு கட்டங்களும் காலி. இடம் விட்டு வைத்தால்தானே கடவுள் நிரப்புவார்?

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பதில் போடு.

அன்புடன்,
அக்கா


3 செப்டம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நான் கதாநாயகன்!

படத்தின் நாயகன் இரண்டாம் நாளே சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அடியாட்கள் வரிசையில் என் தலை மட்டும் மேலே தெரிந்திருக்கிறது. "அந்த உயரமானவனைக் கூப்பிடு" என்றார். படம் முழுக்க நான்தான், அக்கா. அத்தானின் கடிகாரத்துக்கு இனி நல்ல வேலை.

ஒன்றே ஒன்று. நான் நாலு வரி பேசிக் காட்டினேன். இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு, "பானைக்குள்ள கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். எனக்குப் பேசுகிறவர் வேறு. என் தோளுக்குக்கூட எட்டமாட்டார், எப்போதும் ஒரு வெந்நீர் பிளாஸ்க் கையில். திரையில் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். நான் மூன்று நாள் உருண்டு புரண்டு அழுத காட்சியை அவர் இரண்டு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். பின்னால் நின்று கேட்ட எனக்கே கண்ணில் தண்ணீர்.

அப்பாவிடம் சொல். நாற்காலியில் தூசி படியாமல் ஏதாவது போட்டு மூடி வைக்கச் சொல்.

உன்
ஒட்டடைக்குச்சி


16 பிப்ரவரி 1992, ஞாயிறு

என் கதாநாயகத் தம்பிக்கு,

போனவர்கள் பதினான்கு பேர். தனித்தனியாக எழுத இடமில்லை, நம் தெருவே வந்தது என்று வைத்துக்கொள். அப்பாவும் வந்தார் (தூங்கியபடி).

தியேட்டரில் எள் போட்டால் எள் விழாது. நீ மழையில் திரும்பிப் பார்த்து முதல் வசனம் பேசினாய் பார், அந்த விசில் சத்தத்தில் வாயாடி பயந்து என் மடியில் ஏறிவிட்டாள். அப்புறம் அவளும் விசிலடிக்க முயன்று என் கன்னமெல்லாம் எச்சில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சுவரொட்டிகளைப் பார்த்து எழுத்துக்கூட்டி நானாகவே தெலுங்கு படித்தது வீண்போகவில்லை. உன் பெயர் திரையில் வந்ததும், மாடி வீட்டு அம்மாளுக்கு முன்னால் நான் வாசித்துவிட்டேன்!

அப்பாவை உலுக்கி, "பிள்ளை எப்படிப் பேசுறான் பாத்தீங்களா?" என்றேன். "அவன் எங்கம்மா பேசினான்? ரேடியோவுல யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. ரேடியோ கேட்டா எனக்குத் தூக்கம் வரும்" என்று மறுபடி சாய்ந்துவிட்டார்.

நோட்டில்: இரண்டு மணி நான்கு நிமிடம். குரல்: வேறொருவர்.

தினமும் காலையில் விளக்கேற்றியதும் உனக்கு ஒரு பிரார்த்தனை, அவர் தொண்டைக்கு ஒரு பிரார்த்தனை. ஆள் மாறிப் போகாமல் இருக்க, "என் தம்பிக்குப் பேசுகிற, பிளாஸ்க் வைத்திருக்கிற அந்தக் குள்ள மனிதர்" என்று கடவுளிடம் அடையாளம் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைய வேண்டாமென்று அவரிடம் சொல். நீ நனையலாம்.

பெருமையுடன்,
அக்கா


5 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பிரார்த்தனை பலித்துவிட்டது. அவர் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தொண்டைதான் இப்போது என்னிடம் இல்லை.

புதிதாக ஒரு பையன் நாயகனாக வந்திருக்கிறான். அவன் படங்களைத் தவிர வேறு எதற்கும் பேசக் கூடாது என்று அவரை ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். என் கடைசி இரண்டு படங்களுக்கும் வேறு யாரோ பேசினார். முதல் வசனத்திலேயே கூட்டம் சிரித்தது. ஒருவன் எழுந்து, "ஏய், இவனோட குரலை யாரோ திருடிட்டாங்கடா!" என்றான். உண்மையைத்தான் சொன்னான் என்று நானும் சிரித்தேன். நாலாம் நாள் படத்தை எடுத்துவிட்டார்கள். ஏறும்போது தோள் கொடுத்தவர்களுக்கு இப்போது என்னைப் பார்த்தால் அவசர வேலை வந்துவிடுகிறது.

ஒரு இயக்குநர் கூப்பிட்டார். அந்தப் புதுப் பையனின் படம். அவனுக்கு அண்ணனாக, பேருந்து ஓட்டுகிறவனாக ஒரே ஒரு காட்சி. ஏழு நிமிடம். "உன் சொந்தக் குரல்தான் வேணும், பஸ் ஓட்டுறவன் அப்படித்தான் பேசுவான்" என்கிறார். யோசித்துப் பார், அக்கா. எதிரே நிற்கிறவன் என் குரலில் பேசுவான். நான் யாருக்கும் தெரியாத ஒரு குரலில் பதில் சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். முடியாது என்று சொல்லப்போகிறேன்.

30ஆம் தேதி கிளம்பி வருகிறேன். நாற்காலி காலியாக இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டு எழுது.

தம்பி


11 ஆகஸ்ட் 1995

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தபோது வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நாற்காலி காலிதான். "எப்ப வரான்?" என்று கேட்டு, கடைக்குப் போய்க் கண்ணாடி துடைக்கிற மென்துணியால் அதைத் துடைத்துவிட்டு வந்தார். பொய் சொல்லமாட்டேன், நீ வந்தால் அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், திட்டாதே. அந்தப் புதுப் பையனின் படத்துக்குப் போயிருந்தேன், யாருக்கும் சொல்லாமல். கண்ணை மூடினேன், நீதான் பேசினாய். திறந்தேன், யாரோ நின்றான். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். நீ நாயகனாக வந்தது ஏழு படம். பதினான்கு மணி பத்து நிமிடம். குரல் என்ற கட்டத்தில் ஏழு தடவையும் வேறொருவர், வேறொருவர் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் கால், கை, கண் எல்லாம் ஊருக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை பேசி இதுவரை ஊர் கேட்கவே இல்லையே! கேட்காததை எப்படிப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள்?

தப்பு என்மேலும் இருக்கிறது. மூன்றரை வருடமாக அடுத்தவர் தொண்டைக்கு வேண்டியிருக்கிறேன், உன் தொண்டைக்கு ஒரு நாள்கூட வேண்டவில்லை. இன்று காலை முதல் மாற்றிவிட்டேன். அவரையும் விட்டுவிடவில்லை, பாவம், பிள்ளைகுட்டிக்காரர். இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

நாயகனாக இருந்தவன் அண்ணனாக வருவதா என்கிறாய். தம்பியாகவே பிறந்து என்னிடம் குட்டு வாங்கியவனுக்கு அண்ணனாவது பதவி உயர்வுதானடா!

வீட்டுக்கு வா. யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு நிமிடத்தைப் பேசிவிட்டு வா. பானைக்குள் கல் உருளட்டும். எனக்கு அந்தக் கட்டத்தை ஒரு தடவை நிரப்ப வேண்டும்.

அக்கா


22 ஆகஸ்ட் 1995

அக்கா,

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். படம் வரும்வரை எதுவும் கேட்காதே. வருவதை அதுவரை தள்ளி வைத்திருக்கிறேன்.

தம்பி


10 மார்ச் 1996, ஞாயிறு

என் செல்லத் தம்பிக்கு,

போனவர்கள்: நான், உன் அத்தான், வாயாடி (என் உயரம் வந்துவிட்டாள்), மாடி வீட்டு அம்மாள், அப்பா (விழித்தபடி).

ஆமாம், விழித்தபடி! சொல்கிறேன், கேள்.

இடைவேளை வரை அப்பா வழக்கம்போலத்தான். அப்புறம் பேருந்து வந்து நின்றது. அந்தப் பையன் ஓடிவந்து, உன் பழைய குரலில், ஊரை விட்டுப் போகப்போவதாக மூச்சுவிடாமல் பேசினான். விசில் காதைக் கிழித்தது. நீ இறங்கினாய். கையைத் துணியில் துடைத்தாய். "க்கும்" என்று கனைத்தாய்.

பின்வரிசையில் எவனோ, "யாருடா இது புதுக் குரல்?" என்றான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு கடிகாரத்தை இறுக்கிப் பிடித்தேன். நீ பேசினாய். கல் உருண்டது, மெதுவாக, அவசரமே இல்லாமல். அடுத்த வரிக்குச் சிரிப்பு நின்றது. அதற்கடுத்த வரிக்கு நாற்காலி கிரீச்சிடும் சத்தம்கூட இல்லை, தம்பி. அந்தப் பையனின் குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோரும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம பய குரலாச்சே!"

"ஆமாம்பா, அவனேதான் பேசுறான்."

"என்ன சொல்றான்? சொல்லு, சொல்லு."

இத்தனை வருடத்தில் ஒரு படத்துக்காவது அர்த்தம் கேட்டிருக்கிறாரா? காதில் சொன்னேன்: "'நீ போ. திரும்பிப் பாக்காம போ. வீட்டை நான் பாத்துக்கறேன்'னு சொல்றான்பா." அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ பேருந்தில் ஏறிப் போகிறவரை விடவே இல்லை. அப்போதுதான் தியேட்டர் எழுந்து கைதட்டியது. இந்தத் தடவை சரியான ஆளுக்கு!

வெளியே வந்தால், முன்னால் போன இரண்டு இளைஞர்கள் உன்னைப் போலவே கனைத்துக் காட்டி விளையாடுகிறார்கள். அப்பா திரும்பி, "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். உன் அத்தான் சிரித்துச் சிரித்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். "என்னைப் பதினஞ்சு வருஷமா மிரட்டுற மாமனார் கனைப்பு, இப்ப ஊருக்கே வந்துடுச்சு" என்கிறார்.

நோட்டில்: ஏழு நிமிடம் இருபது விநாடி. குரல்: தம்பி. பேனாவை அழுத்தி எழுதினேன், பின்பக்கம் வரை பதிந்துவிட்டது.

சாயங்காலம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். உன் நாற்காலி அப்பா பக்கத்தில் இல்லை. வாடிக்கையாளர்கள் உட்கார முன்பக்கம் போட்டுவிட்டார். அவராகவே, "நிக்கிறவங்க உக்காரட்டுமே" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார், உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லி. எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கனைப்பு, அவர்கள் எழுதிக் கொடுத்ததா, நீயாகவே போட்டதா?

அப்பா நாளை முதலே தபால்காரரைக் கேட்கத் தொடங்கிவிடுவார். சீக்கிரம் பதில் எழுது.

அக்கா