வயர் கழன்று கிடந்த நாள்

பபாக்கா,

நீ போய் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உன் நீலச் சேலையை யாருக்காவது கொடுப்போம் என்று இன்று அலுமாரியைத் திறந்தனான். மடிப்புக்குள் உன் காலுக்கு வைத்த கரண்ட் மெசினின் ஒட்டுத்துண்டு ஒன்று கிடந்தது. பசை இன்னும் காயவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சேலையை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.

சாம்பல்தீவுக் கரையில் மட்டி ஓடு குதிக்காலைக் கிழித்ததுகூட உனக்குத் தெரியாது. சீனி வருத்தத்தில் கால் விறைத்து, உணர்வு செத்து எத்தனை வருசம். செருப்பில் இரத்தத்தை நான்தான் கண்டனான். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் கிளினிக்கில் அந்த மெசினை வைத்தார்கள்.

நேர்ஸ் பிள்ளை எனக்கு விளங்கும்படி சொன்னாள். எல்லாருடைய தோலிலும் துளிக் கரண்ட் இருக்கிறதாம். காயம் பட்டால் அதுதான் வழி காட்டுமாம். அந்தப் பக்கம் பார்த்து, சுற்றியிருக்கிற கலங்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து காயத்தை மூடுமாம். உனக்கு உள்ள கரண்ட் அதுக்குக் காணாது, மெசின் கொஞ்சம் கைகொடுக்கும் என்றாள்.

"எனக்குள்ளயே கரண்ட் இருக்கெண்டால், லைட் போற நேரம் பல்ப்பை என்ர வாயில வையடி" என்றாய். அவளும் சிரித்தாள்.

ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "எறும்பு ஊருற மாதிரி இருக்கோ அம்மா? கடிச்சால் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, நல்லா ஊருது."

எனக்கு எவ்வளவு சந்தோசம். உணர்வு வருகுது, கால் தப்பிவிடும் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். ஊருது என்றாய். வயர் கழன்று என் மடியில் கிடந்தது.

நான் உன்னைப் பார்த்தேன். "சொல்லிப்போடாதை. ஊரேல்லையெண்டால் காலை எடுக்கச் சொல்லுவினம்" என்று வாய்க்குள் சொன்னாய். நான் வயரைத் திரும்பக் கொழுவிவிட்டேன்.

சொல்லியிருந்தால்? தெரியாது. காயத்தின் ஒரு கரையில் புதுத்தோல் வந்தது உண்மை. ரோசா நிறம், நகத்தளவு. இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தோம். அடுத்த கிழமை காய்ச்சல். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, இனிக் காலை எடுத்தும் பலனில்லை என்றார்கள். இரண்டு காலோடும்தான் போனாய், நீ ஆசைப்பட்ட மாதிரி.

ஒட்டுத்துண்டை என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கிறேன். கழற்ற ஏலாமல் இருக்கிறது. இத்தனை நாளில் ஒரு தரமாவது, ஒரே ஒரு எறும்பாவது, உண்மையாக உன் காலில் ஊர்ந்ததா அக்கா?