அப்பாவின் டியூப்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் கிஷாந்துக்கு,

இங்கே நான் சுகம், பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறது, அங்கே நீயும் மிதுனாவும் பேரனும் அந்தக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போய்விட்டார்கள். நான் அழவில்லை என்று நீ போனில் கவலைப்பட்டாய். ஏனென்று எனக்கும் தெரியவில்லை ராசா, சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், நித்திரையும் வருகிறது.

போன கிழமை அவருடைய அறையைத் துப்புரவாக்கினேன். மார்க்கெட்டுக்குத் துணிப்பையோடு போய், பிளாஸ்டிக் சொப்பிங் பையை நீட்டுகிற மீன்காரரிடம் "எபா மல்லி, வேண்டாம் தம்பி" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு வருகிற மனிதர் அவர், பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவரைச் சுற்றி இருந்ததெல்லாம் பிளாஸ்டிக்தான், மெத்தை விரிப்பு, சிறுநீர்ப் பை, ஒக்சிசன் மாஸ்க், மூக்கால் வயிற்றுக்குப் போன டியூப். அந்த டியூப்பால் கஞ்சி கொடுத்துத்தான் அவரை வைத்திருந்தேன். நீ வீடியோவில் பேரனைக் காட்டினபோது அவர் கண் மலர்ந்ததைப் பார்க்கக் கிடைத்ததும் அதனால்தான், அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டியூப் தானாகக் கழலவில்லை, அப்பாதான் இழுத்தார். முதல்தரம் நேர்ஸ் புளோறன்ஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து திரும்பப் போட்டாள். இரண்டாம்தரம் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். இனி வேண்டாமெண்டால் கண்ணை மூடுங்கோ என்றேன், மூடினார். டொக்டர் வந்து, அம்மா நீங்கள்தான் சொல்லவேணும் என்றார். போடவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு கரண்டியால் கொடுத்த தண்ணீர் மட்டும்தான்.

அவருக்குப் பாவித்ததையெல்லாம் கட்டி வைத்தால் குப்பை லொறிக்காரர் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரிச் சாமானை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக்கூடாதாம், அதுவும் சரிதான். அன்றைக்கு ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் நடந்தேன். போத்தல், யோகட் கப், அறுந்த செருப்பு, அதுகளுக்கு நடுவே மண் அடைத்த ஒரு டியூப், அப்பாவுக்குப் போட்ட அதே மாதிரி. யாருடைய மூக்கில் இருந்ததோ. அவருடையது இப்படிக் கிடக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன், வேறு ஒன்றும் மனதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புளோறன்ஸைக் கூப்பிட்டேன். தன் ஆஸ்பத்திரியில் எரிக்கிறோம் என்று கொண்டுபோனாள். பிரிக்காத புது டியூப்பையும் கேட்டாள், மருதானையில் ஒரு நோயாளிக்கு உடனே தேவையாம். கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், "அன்ரி, விடுங்கோ" என்று அவள் சொன்ன பிறகுதான் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பேரனின் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துச் சூடாக்க வேண்டாமென்று மிதுனாவிடம் சொல்லு. வரமுடியாமல் போனதை நினைத்து நீ உன்னை வதைக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழ வேண்டும். இதை வாசித்ததும் மறக்காமல் போன் எடு. என்னில் கோபமென்றால் கோபத்தையே சொல்லு ராசா, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா,
கனகேஸ்வரி நமசிவாயம்