தொட்டிக்குள் ஒரு கடலைக்காடு

அன்புள்ள ஐயாவுக்கு,

போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றுதான் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். என் முழங்காலிலும் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"ஏப்பா, நாயைக் கூட்டிட்டு நடக்கிறதுக்குன்னு ஒரு ஆளா?" என்று சிரித்தீர்களே, அந்த டெரியர் குட்டியின் வேலைதான். அணிலைப் பார்த்து அது இழுத்த இழுப்பில் விழுந்துவிட்டேன். ஒரு வயதுதான், கால் தரையில் பாவாது. நான் வேலை பார்க்கும் இந்தப் பெங்களூரு வீடு பன்னிரண்டாவது மாடி. நம் ஊர்ப் பழக்கத்தில் குட்டியைச் சோபா காலில் கட்டிப்போட்டேன். நாள் முழுக்கக் குரைத்து, சோபாவைக் கிழித்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படின்னா நாயும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

கடலை பிடுங்கிய காட்டில் நாம் மிச்சக் கடலையைக் கிளறி எடுப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய தொட்டியில் மணல் நிரப்பி, பிஸ்கட்டுகளைப் புதைத்துவைத்தேன். அரைமணி நேரம் தோண்டித் தேடிவிட்டுத் தூங்கிவிட்டது. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஊறுகாய் அனுப்ப வேண்டாம், ஒன்று மட்டும் செய்யுங்கள். பந்தல்குடி ரோட்டு லாரிகளுக்குப் பயந்து நம் நாய் மணியைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு வந்தவன் நான். இரண்டு வருடமாகிறது. காலையில் அவிழ்த்து, உங்களோடு காட்டுக்குக் கூட்டிப்போங்கள். அது வரப்பில் நின்று பஸ் வரும் ரோட்டையே பார்த்தால் அதட்டாதீர்கள். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

குட்டி வாரைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. போகிறேன்.

மதன்குமார்